கடலுக்குப் பிள்ளைகளை அளித்தோர்: இரு தாய்மாரின் வரலாறு

கடற்போர்களின் வரலாற்றை எழுதியோர் கப்பல்களின் நிறையையும் பீரங்கிகளின் அளவையும் தளபதிகளின் ஆணைகளையும் மிக நுணுக்கமாகப் பதிந்து வைத்துள்ளனர். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு மூழ்கியது என்பதை அவர்தம் நூல்களிலிருந்து எளிதில் அறிந்துகொள்ளலாம். அக்கப்பலிற் பணியாற்றியவனின் தாய்க்கு அச்செய்தி எத்தனை நாள் கழித்து, எவர் வாயிலாக, எவ்வடிவிற் சென்றடைந்தது என்று அந்நூல்களிலே தேடுவோருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே எஞ்சும். பெற்றோர் அவ்வரலாறுகளின் ஓரத்தில், அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறாது நிற்கின்றனர்.

தரைப்படையிற் சேர்ந்தவனின் பெற்றோருக்கு உள்ள அச்சம் கடற்படையிற் சேர்ந்தவனின் பெற்றோருக்கும் உண்டு. ஆயினும் பின்னையவர் நிலை சில வகைகளில் வேறானது. போர்க்கப்பல் ஒன்று மூழ்கும்போது ஒரு சிற்றூரின் மக்களுக்கு ஒப்பான தொகையினர் சில நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகின்றனர். உடல் கிடைப்பது அரிது. கல்லறை அமைவது அதனினும் அரிது. கப்பலின் இழப்பைப் பகைவன் அறிந்துகொள்ளலாகாது என்னும் காரணத்தால் அரசு செய்தியை வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றது. அதனால் கடிதம் நின்றுபோவதே பெற்றோருக்குக் கிட்டும் முதற் செய்தியாக அமைகின்றது.

பிள்ளையைக் கேட்டுப் பெற்ற அரசு, அவன் இறந்தபின் பெற்றோரிடம் வேறொன்றையும் கேட்கத் தொடங்கியமை 20ஆம் நூற்றாண்டுப் போர்களின் ஒரு தனித்தன்மையாகும். அது அவர்தம் துயரம். பொதுமக்களின் ஊக்கத்தைப் பேணுவதற்கும் பணம் திரட்டுவதற்கும் ஆள் சேர்ப்பதற்கும் அத்துயரம் பயன்பட்டது. பிரித்தானியாவின் லில்லி கோர்ண்வெல், ஐக்கிய அமெரிக்காவின் அலீற்றா சலிவன் ஆகிய இரு தாய்மாரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

பிரித்தானியக் கடற்படைக்கும் ஏழைப் பெற்றோருக்கும் இடையிலான உறவு நெடிய வரலாறு உடையது. 1756இல் ஜோனாஸ் ஹான்வே முதலிய வணிகர்கள் நிறுவிய கடற் சங்கம், இலண்டன் தெருக்களில் ஆதரவற்றுத் திரிந்த சிறுவரைத் திரட்டி, உடையளித்துப் போர்க்கப்பல்களுக்கு அனுப்பியது. கட்டாய ஆட்சேர்ப்புக் குழுவினர் துறைமுக நகரங்களில் இளைஞரைப் பிடித்துச் சென்ற காலமும் அதுவே. மாலுமியொருவன் தன் ஊதியத்தின் ஒரு பகுதியை மனைவிக்கோ தாய்க்கோ ஒதுக்கி வழங்க 1795ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்தது. மாலுமியின் தாய் என்றொருத்தி இருக்கின்றாள் என்பதை அரசு ஏட்டிலே ஏற்றுக்கொண்ட தொடக்கங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். பிற்காலத்திற் கட்டாயம் ஒழிந்து, ‘சிறுவர்’ என்னும் தரத்திற் பதினைந்து பதினாறு வயதினர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டனர். அதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது விதி.

ஜாக் கோர்ண்வெல் அத்தகைய சிறுவருள் ஒருவன். 1900 ஜனவரி 8ஆந் திகதி இலண்டனையடுத்த லெய்ற்றனிற் பிறந்தவன். தந்தை ஈலை முன்னாட் படைவீரர். குடும்பம் கிழக்கு இலண்டனின் உழைப்பாளர் வாழும் பகுதியிற் குடியிருந்தது. பதினான்காம் வயதிற் பாடசாலையை விட்ட ஜாக், புரூக் பொண்ட் தேயிலைக் கம்பனியின் வண்டியிற் பொருள் விநியோகிக்கும் சிறுவனாக வேலை பார்த்தான். (அக்கம்பனியின் பெயர் இலங்கை வாசகருக்கு அந்நியமானதன்று.) போர் தொடங்கியதும் தந்தை மீண்டும் படையிற் சேர்ந்தார். 1915 ஒக்ரோபரில் ஜாக்கும் கடற்படையிற் சேர்ந்தான். தலைமையாசிரியரிடமும் தொழில் தந்தோரிடமும் நற்சான்றுக் கடிதம் பெற்றுச் சென்றான் என்றும், தந்தையின் அனுமதியைப் பெறவில்லை என்றும் கூறுவர். அவ்வாறாயின், பெற்றோரின் இசைவு பற்றிய விதி எத்துணை இறுக்கமாகப் பேணப்பட்டது என்பது ஐயத்துக்குரியது.

பயிற்சி முடித்து, 1916ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறை அடுத்த திங்களன்று ‘செஸ்ரர்’ என்னும் புதிய குரூசர் கப்பலிற் சேர்ந்தான். ஐந்து வாரங்களின் பின், மே 31ஆந் திகதி யூட்லாந்துக் கடற்போர் நிகழ்ந்தது. பிரதான அணிக்கு முன்னே வேவு பார்க்கச் சென்ற செஸ்ரர் நான்கு ஜேர்மனியக் குரூசர்களிடம் தனியே அகப்பட்டது. சில நிமிடங்களுள் ஏறத்தாழப் பதினேழு தடவை அது தாக்கப்பட்டது. அதன் பீரங்கிகளின் காப்புத் தகடுகள் தளம் வரை நீளாதிருந்தமையால் சிதறிய குண்டுத் துண்டுகள் அடியால் நுழைந்து ஆட்களின் கால்களை வெட்டின. முன் பீரங்கியிற் குறியளவு திருத்தும் பணி ஜாக்கினுடையது. உடனிருந்தோர் இறந்தும் குற்றுயிராயும் கிடக்க, மார்பிலே காயமுற்ற நிலையில் அவன் தன் இடத்தை விட்டகலாது அடுத்த ஆணையை எதிர்பார்த்து நின்றான். அவன் புரிந்தது அவ்வளவே. கப்பல் பின்வாங்கிக் கிறிம்ஸ்பி நகருக்கு அண்மையிற் கரை சேர்ந்தது. அந்நகர் வைத்தியசாலையில் யூன் 2ஆந் திகதி காலை அவன் உயிர் பிரிந்தது. செய்தி கிடைத்துப் புறப்பட்ட தாய் வந்து சேருமுன்னரே எல்லாம் முடிந்திருந்தது.

ஒருவகையில் லில்லி கோர்ண்வெல் பேறுபெற்றவர் எனலாம். யூட்லாந்திலே பிரித்தானியத் தரப்பில் மாண்டோர் 6,094 பேர். அவருட் பெரும்பாலோருக்குக் கடலே புதைகுழி. எதிர்த்தரப்பிலும் நிலைமை இதுவே. ஜேர்மனியரின் ‘வீஸ்பாடன்’ கப்பலிலிருந்து ஒரேயொருவரே உயிர் தப்பினார். அதில் மாண்டவருள் ஒருவர் ‘கோர்ஹ் பொக்’ என்ற புனைபெயரில் எழுதிய மீனவர் குடும்பத்து எழுத்தாளர். அவர் உடல் சுவீடன் நாட்டுக் கரையில் ஒதுங்கி ஒரு தீவில் அடக்கம் செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கிட்டாத மகனின் உடல் லில்லிக்குக் கிடைத்தது. அதனை ஊருக்குக் கொண்டுசென்று அடக்கஞ் செய்யவே அவர் விரும்பினார். தனிக் கல்லறைக்கு வசதி இல்லை. மனோர் பார்க் இடுகாட்டிற் பலருக்கும் பொதுவான குழியொன்றிற் சிறுவன் புதைக்கப்பட்டான்.

செஸ்ரரின் தலைவர் றொபேட் லோசன் தாய்க்குக் கடிதம் எழுதி, மகன் நின்ற நிலையை விவரித்துத் தம் மதிப்பைத் தெரிவித்தார். அத்தளபதி தம் கடமையைச் செம்மையாகச் செய்தார் என்பதில் ஐயமில்லை. அட்மிரல் பீற்றியின் போர் அறிக்கை யூலையில் வெளியாகி அதிற் சிறுவனின் பெயர் இடம்பெற்ற பின்னரே நாடு விழித்துக்கொண்டது. யூட்லாந்தில் வெற்றி யாருக்கு என்ற கேள்விக்கு விடை தெளிவற்றிருந்த வேளை அது. மக்களுக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். ஏழைகளின் குழியில் வீரன் கிடப்பதா எனப் பத்திரிகைகள் எழுதின. யூலை 29ஆந் திகதி உடல் தோண்டியெடுக்கப்பட்டு, முழு இராணுவ மரியாதையுடன் இரண்டாம் முறை அடக்கஞ் செய்யப்பட்டது. ஒரு தாய் தன் மகனை இரு மாதங்களுக்குள் இரு தடவை மண்ணிட நேர்ந்தது; முதற் சவ அடக்கம் அவருடையது, இரண்டாவது நாட்டினுடையது.

செப்ரெம்பர் 15ஆந் திகதி விக்ரோறியா சிலுவை அறிவிக்கப்பட்டது. பாடசாலைகளில் ‘ஜாக் கோர்ண்வெல் தினம்’ கொண்டாடப்பட்டு, பிள்ளைகள் ஒரு பென்னி முத்திரைகளை வாங்கினர். அவ்வாறு திரண்ட நிதி ஊனமுற்ற மாலுமியருக்கான இல்லமொன்றின் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. ஓவியர் பிராங் சோல்ஸ்பறி ஜாக் பீரங்கியருகே நிற்கும் காட்சியை வரைந்தார். இறந்தவனுக்குப் பதிலாகச் சகோதரன் ஏணெஸ்ற் நின்று மாதிரி காட்டினான். இவற்றுக்கிடையே, ஒக்ரோபரில் தந்தை ஈலை நோயுற்று இறந்தார். மகனின் கல்லறையிலேயே அவரும் அடக்கமானார். மூன்று வாரங்களின் பின் நவம்பர் 16ஆந் திகதி, விதவைக் கோலத்திற் பக்கிங்காம் அரண்மனைக்குச் சென்ற லில்லி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரிடம் மகனின் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். 1918 ஆகஸ்டில் ஈலையின் மூத்த தாரத்து மகன் ஆதர் பிரான்சிற் போரிலே மாண்டான்.

இத்தனை புகழுக்குப் பின்னும் லில்லி மாலுமியர் விடுதியொன்றில் வேலை செய்தே வாழ வேண்டியிருந்தது. 1919இல் இலண்டனின் ஸ்ரெப்னிப் பகுதியில் வாடகை அறையில் வறுமையிடையே இறந்தார். பாடசாலைப் பிள்ளைகளின் பென்னிகள் அவர் மகனின் பெயராற் சேர்ந்தவை. ஆயினும் அவர் வாழ்வை அவை மாற்றவில்லை. நிதி திரட்டியோரைக் கொடியோர் எனல் பொருந்தாது. மகனின் வீரம் நாட்டுக்குரியதாகிவிட்ட பின், தாயின் வாடகை அவர்தம் கண்ணிற் படவில்லை என்பதே உண்மை. அது மன்னிக்கத்தக்க மறதியா என்பது வேறு விடயம். பதக்கம் 1968இல் குடும்பத்தினரால் இலண்டன் ஏகாதிபத்தியப் போர் நூதனசாலைக்கு நீண்டகால இரவலாக வழங்கப்பட்டது. அவன் நின்ற பீரங்கியும் அங்கேயே உள்ளது.

இரண்டாம் உலகப்போரில் இலங்கைக் கடலும் இவ்வரலாற்றிற் பங்குகொண்டது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. மாண்டோர் 307 பேர். நம் கரையிலிருந்து கூப்பிடு தூரம் எனத்தக்க இடத்தில் அக்கப்பல் இன்றும் கிடக்கின்றது. அதனைப் பற்றிய தந்திகள் சென்றடைந்த வீடுகளோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தன. மட்டக்களப்பு என்ற பெயரை உச்சரிக்கவும் அறியாத தாய்மாருக்கு அக்கடல் பிள்ளையின் கல்லறையாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் பசிபிக் சமுத்திரத்திலே நிகழ்ந்த இழப்பொன்று இவ்வகைத் துயரின் எல்லையைக் காட்டியது.

ஐயோவா மாநிலத்து வோட்டர்லூ நகரில் வாழ்ந்த தோமஸ் சலிவன் இலினோய் சென்ட்ரல் புகையிரதப் பகுதியிற் சரக்கு வண்டிக் காப்பாளர். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ஜோர்ஜ், பிராங், ஜோசப், மடிசன், அல்பேட் என ஆண்மக்கள் ஐவர், மகள் ஜெனிவீவ். மூத்தவர் இருவரும் முன்னரே ஒரு முறை கடற்படையிற் பணியாற்றித் திரும்பியவர்கள். 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தில் ‘அரிசோனா’ கப்பலோடு நண்பனொருவன் மாண்டதை அறிந்த சகோதரர் ஐவரும், ஒரே கப்பலிற் பணியாற்றவிட்டாற் சேர்வோம் என நிபந்தனை விதித்து 1942 ஜனவரியிற் சேர்ந்தனர். உறவினர் ஒரே கப்பலில் இருப்பதைக் கடற்படை ஊக்குவிக்கவில்லை. இவர்கள் விடயத்திலோ தடுக்கவுமில்லை. இளையவன் அல்பேட்டுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். ஐவரும் ‘ஜூனோ’ என்னும் புதிய குரூசரில் அமர்த்தப்பட்டனர். அக்கப்பல் சேவையில் இணைந்த பெப்ரவரி 14ஆந் திகதி ஐவரும் ஒன்றாய் நின்று எடுத்த நிழற்படம் பத்திரிகைகள் விரும்பி வெளியிட்ட படமாயிற்று.

அதே கப்பலில் ரோஜர்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் நால்வரும் இருந்தனர். அவருள் இருவர் போருக்கு முன்னரே வேறிடத்துக்கு மாறிச் சென்றனர். எஞ்சிய இருவரும் திரும்பவில்லை. இரு வீடுகளுக்கும் இடையே அவ்வளவே வேறுபாடு.

நவம்பர் 13ஆந் திகதி குவாடல்கனால் தீவுக்கு அண்மையில் நிகழ்ந்த இராப்போரிற் காயமுற்று, மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஜூனோவை முற்பகலில் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் வெடிகணை தாக்கியது. கப்பல் வெடித்துச் சிதறிக் கணப்பொழுதில் மறைந்தது. மேலும் தாக்குதல் வருமென அஞ்சிய ஏனைய கப்பல்கள் நில்லாது சென்றன. மேலே பறந்த விமானமொன்றுக்கு அறிவிக்கப்பட்ட செய்தி உரிய இடத்துக்கு உரிய வேளையிற் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் எண்ணெய் படர்ந்த நீரில் உயிரோடு மிதந்தனர். அவர்களைத் தேடிக் கண்டெடுக்க நாட்கள் பல சென்றன. இறுதியில் எஞ்சியோர் பத்துப் பேர். மூத்தவன் ஜோர்ஜ் முதலில் உயிர் தப்பி, மிதவைகளிற் கிடந்தோரின் முகங்களிற் படிந்த எண்ணெயைத் துடைத்துத் துடைத்துத் தம்பியரைத் தேடினான் எனவும், சில நாட்களின் பின் மனந்தளர்ந்து கடலில் இறங்கிச் சென்றான் எனவும் தப்பியோர் கூறினர். கடற்படையில் உள்ள மகனைப் பற்றிப் பெற்றோர் அறிய அஞ்சுவது இத்தகைய செய்தியையே.

வோட்டர்லூவிற் கடிதங்கள் நின்றன. இழப்பை அரசு வெளியிடவில்லை. ஐவரும் இறந்தனர் என்னும் வதந்தி வேறொரு மாலுமியின் கடிதம் வழியாக ஊருக்குள் வந்தது. 1943 ஜனவரியில் அலீற்றா கடற்படை ஆளணிப் பணியகத்துக்குக் கடிதம் எழுதினார். செய்தி உண்மையா என்பதை அறியத்தருமாறு வேண்டிய அக்கடிதத்தில் மற்றொரு விடயமும் இருந்தது. ஐந்து பிள்ளைகளின் தாய் என்பதற்காக, ‘ரவாசா’ என்னும் கடற்படைக் கப்பலுக்குப் பெயரிடும் சடங்கை நடத்த அவர் முன்னரே அழைக்கப்பட்டிருந்தார். தம் பிள்ளைகளுக்கு ஏதும் நேர்ந்திருந்தாலும் அவர்களது விருப்பப்படியே அச்சடங்கை நடத்துவதாக அவர் உறுதி கூறினார். உண்மை தெரியாத நிலையிலும் தம் பங்கைக் குறைக்காத இக்கடிதம், இப்பொருள் பற்றிய ஆவணங்களுள் மிக உருக்கமானதொன்றாகும்.

ஜனவரி நடுப்பகுதியில் ஒரு காலைவேளை கடற்படைச் சீருடையினர் மூவர் வீட்டுக்கு வந்தனர். தோமஸ் வேலைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளை என்று அவர் வினவ, ஐவரும் என்ற விடை வந்ததாகக் குடும்பத்தினர் கூறுவர். ‘காணாமற் போயினர்’ என்பதே அன்று அறிவிக்கப்பட்ட அதிகாரபூர்வமான நிலை. ஆகவே பெற்றோருக்கு ஐயமும் நம்பிக்கையும் ஒருங்கே தரப்பட்டன. தோமஸ் அன்றும் வேலைக்குச் சென்றார். அவர் வண்டி போர்ச் சரக்கை ஏற்றிச் செல்வது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாளேனும் வேலை தவறாதவர் அவர் என்றும், செல்வதா என மனைவியைக் கேட்டே சென்றார் என்றும் சொல்லப்படுகின்றது. இதனைக் கல்நெஞ்சம் என்று கொள்ளல் தகாது. வீட்டில் இருந்து செய்வதற்கு எதுவும் இல்லாத துயரம் அது. சவம் இல்லை, சடங்கு இல்லை.

ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஜனவரி 13ஆந் திகதியிட்டு அனுதாபக் கடிதம் வரைந்தார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் செபமாலை அனுப்பினார். பெப்ரவரியில் அலீற்றா வாக்களித்தவாறே ரவாசாவுக்குப் பெயரிட்டார். ஏப்பிரல் 4ஆந் திகதி சன் பிரான்சிஸ்கோவிற் பிள்ளைகளின் பெயராலேயே அமைந்த ‘த சலிவன்ஸ்’ என்ற நாசகாரிக் கப்பலையும் நீரில் இறக்கிவைத்தார். பின்னர் கடற்படையின் ஏற்பாட்டிற் பெற்றோர் தொழிற்சாலைதோறும் கப்பல் கட்டும் துறைதோறும் சென்று, உற்பத்தியைப் பெருக்குமாறும் போர்க் கடன் பத்திரங்களை வாங்குமாறும் வேண்டினர். 1944 ஜனவரிக்குள் 65 நகரங்களிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரிடையே அவர்கள் பேசியிருந்தனர் எனக் கடற்படையின் குறிப்புக் கூறுகின்றது. மகள் ஜெனிவீவ் கடற்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்தார். அதே ஆண்டிற் குடும்பக் கதை திரைப்படமாகவும் வந்தது.

இப்பயணங்களை அரசு தன் நலனுக்காக நடத்தியது என்பதில் மறுப்புக்கு இடமில்லை. ஐவரையும் ஒரே கப்பலில் வைத்தது சரியா, நீரில் மிதந்தோரைத் தேடத் தாமதித்தது ஏன் என்னும் கேள்விகள் மேடைகளின் கைதட்டலில் அமிழ்ந்துபோயின. எனினும் அலீற்றாவை வெறுங் கருவியாக மட்டும் காண்பது அவருக்கு அநீதி இழைப்பதாகும். உண்மை தெரியுமுன்னரே அவர் எழுதிய கடிதம், அவர் யாராலும் தூண்டப்படாது தீர்மானித்தவர் என்பதை உணர்த்துகின்றது. ஐந்து அறைகளும் வெறுமையான வீட்டில் அமர்ந்திருப்பதிலும், ஆயிரம் தாய்மாரின் பிள்ளைகள் முன் நிற்பது அவருக்கு எளிதாயிருந்திருக்கலாம். லில்லி கோர்ண்வெல்லுக்கு அத்தெரிவும் கிட்டவில்லை. அவர் மகனைப் பற்றிப் பிறர் பேசினர். அவர் பதக்கம் பெற்றுத் திரும்பினார்.

சலிவன் குடும்பத்தின் இழப்பால் சகோதரர் ஒரே கப்பலிற் பணியாற்றுவது சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது என்றொரு கருத்து அமெரிக்காவிற் பரவலாக உண்டு. அது தவறு. அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. போரிற் பிள்ளைகளை இழந்த குடும்பத்தில் எஞ்சிய ஒரே ஆண்மகனுக்குக் கட்டாய சேவையிலிருந்து விலக்களிக்கும் ஏற்பாடே 1948இற் சட்டத்தில் இடம்பெற்றது. சலிவன் குடும்பத்துக்கு அதனாற் பயன் ஏதும் இல்லை. விலக்களிக்க அங்கே மகன் எவனும் எஞ்சவில்லை.

தோமஸ் 1965இலும் அலீற்றா 1972இலும் காலமாயினர். அல்பேட்டின் கைக்குழந்தை வளர்ந்து குடும்பத்தைத் தொடர்ந்தது; அவ்வழிப் பேர்த்தியே 1995இல் இரண்டாவது ‘த சலிவன்ஸ்’ கப்பலுக்குப் பெயரிட்டார். ஜூனோவின் சிதைவுகள் 2018 மார்ச் 17ஆந் திகதி, அயர்லாந்து மரபினர் கொண்டாடும் புனித பற்றிக் திருநாளன்று, சொலமன் தீவுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 4,200 மீற்றர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டன. அவ்விடத்தை அறிய விரும்பியிருக்கக்கூடிய பெற்றோர் இருவரும் அதற்கு நெடுங்காலம் முன்னரே மறைந்துவிட்டனர்.